காலிசெய்த நிலமா, காலியாக்கிய நிலமா?

இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நொவா ஸ்கோஷியாவின் ஆளுநராக இருந்த சார்ல்ஸ் லாரன்ஸ், 1758 அக்டோபர் 12 அன்று ஒரு பிரகடனத்தையும், அதன் விதிமுறைகளை விரித்துரைத்து 1759 ஜனவரி 11 அன்று மற்றொரு பிரகடனத்தையும் வெளியிட்டார். மாசசூசெட்ஸ், கனெக்டிகட், ரோட் தீவு முதலியவற்றை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்து என்னும் பிரித்தானியக் குடியேற்றப் பகுதியின் உழவர்களையும் மீனவர்களையும், நிலம் பெற்றுக்கொண்டு தம் மாகாணத்தில் வந்து குடியேறுமாறு அவை அழைத்தன. அந்த அழைப்பை ஏற்று 1759க்கும் 1768க்கும் இடையில் ஏறத்தாழ 8,000 பேர் வந்து சேர்ந்தனர். வரலாற்றில் அவர்களுக்குப் ‘பிளாண்டர்’ என்று பெயர். அக்காலத்துத் தனித்தாள் அச்சுகளுள் இன்று எஞ்சியிருப்பவை மிகச் சில என்பதால், நூலகங்களும் சேகரிப்பாளர்களும் தனித்தாளாக அச்சேறிய இப்பிரகடனங்களை அருங்காட்சிப் பொருளாகப் போற்றுகின்றனர்.

இவற்றைப் பற்றிப் பரவலாக நிலவும் கருத்து வலுவற்றதன்று; அதை நேர்மையாக எடுத்துரைத்த பிறகே மறுக்க வேண்டும். போரின் விளைவாக வெறிச்சோடிக் கிடந்த வளமான நிலத்தைப் பயிருக்குக் கொண்டுவர ஓர் ஆளுநர் எடுத்த அறிவார்ந்த நடவடிக்கை இது என்கின்றனர் அக்கருத்தினர். குடும்பத் தலைவர் ஒவ்வொருவருக்கும் 100 ஏக்கர் காட்டு நிலமும், குடும்பத்தின் ஏனைய உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 50 ஏக்கரும் தரப்பட்டன. ஐம்பது ஏக்கருக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் என்ற சிறிய நிலவரியும் பத்தாண்டுகள் கழிந்த பின்னரே தொடங்கும். எவருக்கும் 1,000 ஏக்கருக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு வகுக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கைப் பத்தாண்டுகளுக்குள் சீர்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. இங்கிலாந்துத் திருச்சபையைச் சாராத புரொட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டுரிமை, 50 குடும்பங்கள் சேர்ந்த ஊருக்குச் சட்டமன்றத்தில் இரண்டு பிரதிநிதிகள், நியூ இங்கிலாந்தில் உள்ளவை போன்ற நீதிமன்றங்கள் ஆகியவையும் வாக்களிக்கப்பட்டன. பெருநிலக்கிழார்களை உருவாக்காமல் சிறு உழவருக்கு உரிமையுடன் நிலம் வழங்கிய இந்த ஆவணத்தை ‘நொவா ஸ்கோஷியாவின் சாசனம்’ என்று அழைப்பதே பொருத்தம் என்றும், நிலம் காலியானதற்குக் காரணமான நிகழ்வுகள் வருந்தத்தக்கவையாயினும் அவை வேறு ஏட்டில் எழுதப்பட வேண்டியவை என்றும் அவர்கள் முடிக்கின்றனர்.

இந்த வாதத்தின் உயிர்நிலை அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. அங்கே முன்பு வாழ்ந்தவர்களின் வெளியேற்றம் வேறு, புதியவர்களின் குடியேற்றம் வேறு என்று பிரித்துவிட்டால்தான் பிரகடனம் மாசற்றதாகத் தோன்றும். அந்தப் பிரிப்புக்கு ஆதாரமில்லை. பிரகடனங்களின் வாசகங்களே அதற்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன.

1. எந்தத் தரிசு நிலம் நூறாண்டு விளைந்திருக்கிறது? முதல் பிரகடனம் தான் வழங்கும் நிலத்தைத் தானே வருணிக்கிறது. கோதுமை, வாற்கோதுமை, ஓட்ஸ், சணல், ஆளி முதலியன விளையும் ஒரு லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட உழுநிலம் என்றும், அது நூறாண்டுக்கும் மேலாகப் பயிரிடப்பட்டு வருவது, விளைச்சல் பொய்க்காதது, எருவிடத் தேவையில்லாதது என்றும் அது கூறுகிறது. மேட்டுப்பாங்கில் மேலும் ஒரு லட்சம் ஏக்கருக்கு மேல் காடு திருத்தப்பட்டு, புல் விதைக்கப்பட்டு, பழத்தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் அமைக்கப்பட்டிருப்பதாகவும் சொல்கிறது. உழவன் கைபடாத நிலத்தில் பழத்தோட்டம் இருக்க முடியாது. நிலத்தின் விலைமதிப்பை உயர்த்துவதற்காக உழவரின் நூற்றாண்டு உழைப்பைப் பட்டியலிடும் அதே தாள், அந்த உழவர் யார் என்ற கேள்வி எழும் இடத்தில் ‘பிரெஞ்சுக்காரர்’ என்ற ஒற்றைச் சொல்லுடன் நகர்ந்துவிடுகிறது.

அவர்கள் அகேடியர். பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிலிருந்து வந்து ஃபண்டி விரிகுடாவின் ஓரங்களில் வேரூன்றிய உழவர் குடிகள். நூறாண்டுக்கு மேல் என்ற கணக்கு, பழைய குடியிருப்பான போர்ட் ராயல் பகுதிக்குப் பொருந்தும். கிராண்ட் ப்ரே போன்ற ஊர்கள் 1680களில் தோன்றியவை என்பதால் அங்கே எழுபது, எழுபத்தைந்து ஆண்டுகள் என்பதே சரி. எருவிடத் தேவையில்லாத மண் என்ற புகழுரைக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. அதைக் கிட்ட நின்று பார்க்காமல் இந்தப் பிரகடனத்தை மதிப்பிட இயலாது. உலகிலேயே மிக உயரமான ஓதங்கள் எழும் கடற்பகுதி ஃபண்டி. சில இடங்களில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 16 மீட்டர் வேறுபாடு உண்டு. ஒவ்வோர் ஏற்றத்திலும் கடல் கொண்டுவந்து படியவைத்த வண்டலால் ஆன உவர்ச் சதுப்பை அகேடியர் கரை எழுப்பி மீட்டனர். சதுப்புப் புல்லை அடர்ந்த வேரோடு கட்டிகளாக வெட்டியெடுத்து, செங்கல் அடுக்குவதுபோல் அடுக்கிக் கரை கட்டினர். ஓடைகள் கரையைக் கடக்கும் இடங்களில், குடைந்த மரத்தடியாலான ஒரு மதகைப் புதைத்தனர். ‘அபுவாட்டோ’ என்பது அதன் பெயர். மதகினுள்ளே கீலில் தொங்கும் ஒரு மரக்கதவு இருக்கும். வற்றத்தின்போது வயலிலிருந்து வடியும் நன்னீர் அதைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறும். ஏற்றத்தின்போது கடல்நீரே அழுத்தி அதை மூடிவிடும். கரை எழுந்த பிறகும் உடனே விதைக்க முடியாது. மழையும் உருகும் பனியும் உப்பைக் கழுவிச் செல்ல இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தனியொரு குடும்பத்தால் முடியாத வேலை இது. ஊரே கூடிக் கரை கட்ட வேண்டும், ஊரே கூடி ஆண்டுதோறும் அதைப் பழுதுபார்க்க வேண்டும். பிரகடனம் இயற்கையின் கொடையாகக் காட்டிய வளம், கூட்டு உழைப்பால் கடலிடமிருந்து பெற்ற வளமாகும்.

2. ‘காலிசெய்த’ என்ற வினைக்கு எழுவாய் யார்? முதல் பிரகடனம் இந்த நிலங்களைப் பிரெஞ்சுக்காரர் காலிசெய்து சென்றவை என்னும் பொருளில் குறிக்கிறது. இங்கே இலக்கணமே ஓர் அரசியல் செயலைச் செய்கிறது. வாடகைக்கு இருந்தவர் வீட்டைக் காலிசெய்வதைப்போல் அகேடியர் தாமாக எழுந்து போயினர் என்று அந்தத் தன்வினை உணர்த்துகிறது. நடந்ததோ வேறு. 1755 ஜூலை 28 அன்று ஹாலிஃபாக்ஸில் லாரன்ஸ் தலைமையில் கூடிய ஆட்சிக்குழு அகேடியரை நாடுகடத்த முடிவெடுத்தது. செப்டம்பர் 5 அன்று கிராண்ட் ப்ரே தேவாலயத்துக்கு அழைத்துவரப்பட்ட 418 ஆண்களிடமும் சிறுவர்களிடமும், அவர்களுடைய நிலமும் வீடும் கால்நடையும் அரசருக்குப் பறிமுதலாயின என்ற ஆணையைப் படைத்தலைவர் ஜான் வின்ஸ்லோ அறிவித்தார். அவர்கள் அங்கேயே காவலில் வைக்கப்பட்டனர். கப்பல்கள் வந்ததும் ஏற்றப்பட்டனர். திரும்பி வர வழியில்லாதபடி பல ஊர்கள் எரிக்கப்பட்டன. 1755 முதல் 1763 வரை இவ்வாறு கடத்தப்பட்டோர் தொகை 10,000ஐத் தாண்டும்.

அது மூன்றாண்டுகளுக்கு முன் முடிந்துபோன செய்தியும் அன்று. முதல் பிரகடனம் வெளிவந்தபோது, இன்று பிரின்ஸ் எட்வர்ட் தீவு எனப்படும் சென் ஜான் தீவிலிருந்து அகேடியரைக் கப்பலேற்றும் பணி நடந்துகொண்டிருந்தது. அக்கப்பல்களுள் ‘வயலட்’, ‘டியூக் வில்லியம்’ என்னும் இரண்டும் 1758 டிசம்பரில் அட்லாண்டிக் கடலில் மூழ்கின. 600க்கும் மேற்பட்ட ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். நிலத்தைக் காலிசெய்து சென்றவர்கள் என்று எழுதிய முதல் தாளுக்கும், ஏக்கர் கணக்கை விளக்கிய இரண்டாவது தாளுக்கும் இடைப்பட்ட மூன்று மாதங்களுக்குள் அது நிகழ்ந்தது. இந்தக் காலவரிசை தெரிந்த பிறகும் ‘போரின் விளைவாக வெறிச்சோடிய நிலம்’ என்று எழுதுவது, பிரகடனத்தின் சொல்லாட்சியை வரலாற்றாசிரியரே தமதாக்கிக்கொள்வதாகும்.

3. வெளியேற்றம் படையியல் தேவை, குடியேற்றம் பின்னர் தோன்றிய எண்ணம் என்பதற்குச் சான்று எங்கே? சான்றுகள் எதிர்த்திசையில் நிற்கின்றன. அகேடியரை அகற்றி அவர்களுடைய நிலத்தில் புரொட்டஸ்டன்டுகளை அமர்த்தும் யோசனையை நில அளவையாளர் சார்ல்ஸ் மாரிஸ் 1751இலேயே எழுதிக்கொடுத்திருந்தார். கப்பல்கள் நிரம்பிக்கொண்டிருந்த 1755 அக்டோபர் 18 அன்று, குடியேற்றப் பகுதிகளை மேற்பார்வையிட்ட இலண்டன் வணிக வாரியத்துக்கு லாரன்ஸ் எழுதிய கடிதத்தில், இந்த வெளியேற்றத்தின் நற்பயன்களுள் ஒன்றாக, உடனே பயிரிடத்தக்க நல்ல நிலம் பெருமளவில் கைக்கு வந்திருப்பதைக் குறிப்பிடுகிறார். வெளியேற்றத்துக்கு ஆணையிட்டவர், அது முடிவதற்கு முன்பே, அதன் ஆதாயமாக நிலத்தைக் கணக்கிட்டுவிட்டார்.

இதைவிடத் துலக்கமான ஓர் இணைப்பும் உண்டு. பிரகடனத்தைப் படித்து விருப்பம் கொண்டோர் தம் முன்மொழிவுகளைக் கொடுக்க வேண்டிய முகவராகப் பாஸ்டனில் அறிவிக்கப்பட்டவர் வணிகர் தாமஸ் ஹான்காக். 1755இல் அகேடியரை ஏற்றிச் செல்வதற்கான கப்பல்களை அமர்த்திக்கொடுத்தது, ஆப்தார்ப் என்பவருடன் அவர் கூட்டாக நடத்திய வணிக நிறுவனமே. ஆட்களை அகற்றும் ஒப்பந்தமும் ஆட்களைச் சேர்க்கும் முகவாண்மையும் ஒரே கணக்கரின் மேசை வழியாகச் சென்றிருக்க, அவற்றை வரலாறு இரண்டு ஏடுகளாகப் பிரித்து வைப்பதற்கு நியாயம் இல்லை.

4. சட்டப்படி நிலம் அரசருடையதாகிவிட்டதா? எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். 1713ஆம் ஆண்டின் உத்ரெக்ட் உடன்படிக்கைப்படி, அகேடியர் வாழ்ந்த அகேடியா பிரான்சிடமிருந்து பிரித்தானியாவுக்கு வந்தது. குடிமக்கள் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கக் கடமைப்பட்டவர்கள். அகேடியர் நிபந்தனையற்ற உறுதிமொழியை மறுத்தனர். 1755 ஜூனில் பிரெஞ்சுக்காரரின் போசேஜூர் கோட்டை வீழ்ந்தபோது உள்ளே ஆயுதத்துடன் சில நூறு அகேடியர் இருந்தனர். ஆகவே பறிமுதல் முறையானது என்பது அந்த வாதம்.

இதன் ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒன்று விட்டுச் சொல்லப்படுகிறது. பிரித்தானியக் குடிகளாகத் தங்க விரும்புவோர் தம் நிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று 1713இலேயே ஆன் அரசியார் எழுத்து மூலம் அறிவித்திருந்தார். 1730இல் ஆளுநர் ரிச்சர்ட் பிலிப்ஸ் முன்னிலையில் அவர்கள் உறுதிமொழி எடுத்தனர். பிரான்சுக்கு எதிராக ஆயுதம் ஏந்த வேண்டியதில்லை என்று வாய்மொழியாக வாக்களிக்கப்பட்டது. பிரித்தானிய அலுவலர்களே இருபத்தைந்து ஆண்டுகள் அவர்களை ‘நடுநிலைப் பிரெஞ்சுக்காரர்’ என்று குறிப்பிட்டு வந்தனர். 1755 ஜூலைத் தொடக்கத்தில் கிராண்ட் ப்ரே அடங்கிய மைனாஸ் பகுதிப் பிரதிநிதிகள் நிபந்தனையற்ற உறுதிமொழிக்கு முதல் நாள் மறுத்தாலும், மறுநாள் தாம் எடுக்க ஆயத்தம் என்று முன்வந்தனர். ஒருமுறை மறுத்த கத்தோலிக்கருக்கு மறுபடி வாய்ப்பில்லை என்று ஆட்சிக்குழு அவர்களைத் திருப்பிவிட்டுச் சிறைவைத்தது. உறுதிமொழிதான் நோக்கமாக இருந்தால், அதற்காக நீட்டப்பட்ட கையை ஏன் தட்டிவிட வேண்டும்? போசேஜூரில் ஆயுதம் ஏந்திய சிலருக்காக, அங்கே இல்லாத மைனாஸ் உழவரின் மனைவியும் கைக்குழந்தையும் நிலத்தை இழப்பது எந்தச் சட்டத்தின் தண்டனை?

உரிமை ஐயத்துக்கு இடமற்றதாக இருந்ததா என்பதற்கு, அதே ஆட்சியின் அடுத்த செயலே விடை. புதிய குடியேறிகள் நிலத்தைப் பார்வையிட்டுப் பட்டா பெறத் தொடங்கிய 1759ஆம் ஆண்டில், நொவா ஸ்கோஷியா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிரெஞ்சுக் குடிகள் முன்பு வைத்திருந்த நிலங்களைப் பெற்ற புரொட்டஸ்டன்டுகளின் அனுபோகத்தை உறுதிப்படுத்துவதும், அந்நிலங்களைக் குறித்துத் தொல்லை தரும் வழக்குகள் எழாமல் தடுப்பதும் அதன் நோக்கம் என்று தலைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. அகேடியர் தம் நிலத்தைக் கேட்டு நீதிமன்றப் படியேறும் வழியை அது அடைத்தது. கேட்க ஆளே இல்லாத நிலத்துக்கு, கேட்பதைத் தடைசெய்யும் சட்டம் தேவையில்லை. பறிமுதல் முறையானதாக இருந்திருந்தால், அதை நீதிமன்றத்தில் நிறுவுவது எளிது. வழக்கையே தடுத்தது, வழக்கு வந்தால் என்ன ஆகும் என்ற அச்சம் ஆட்சியாளருக்கு இருந்ததைக் காட்டுகிறது. இந்தச் சட்டத்தையும் லாரன்ஸின் இரு பிரகடனங்களையும் ஒரே ஆவணத்தின் மூன்று பக்கங்களாகவே படிக்க வேண்டும்: முதலாவது நிலத்தைக் காட்டுகிறது, இரண்டாவது பங்கிடுகிறது, மூன்றாவது உரியவரின் வாயை அடைக்கிறது.

5. யாருக்கான சாசனம்? இரண்டாவது பிரகடனம் கால்வினியர், லூதரன்கள், குவேக்கர்கள் முதலிய எல்லாப் புரொட்டஸ்டன்டுப் பிரிவினருக்கும் மனச்சான்று உரிமையை வழங்கியதும், அவர்கள் தம் பணத்தை இங்கிலாந்துத் திருச்சபைக்கு வரியாகக் கட்ட வேண்டியதில்லை என்று விலக்களித்ததும் உண்மை. ஆனால் கத்தோலிக்கர் அந்த உரிமையிலிருந்து வெளிப்படையாக விலக்கப்பட்டனர். 1758ஆம் ஆண்டின் நில உரிமைச் சட்டம், அரசின் நேரடிக் கொடையாக அன்றி வேறு எவ்வழியிலும் கத்தோலிக்கர் நிலம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. அந்தத் தடை 1783 வரை நீடித்தது. நிலத்தை இழந்தவர்கள் கத்தோலிக்கர் என்பதை நினைவில் கொண்டால், இங்கே வழிபாட்டுரிமை நிலப் பங்கீட்டின் எல்லைக்கோடாகப் பயன்பட்டிருப்பது புலனாகும்.

வழங்கப்பட்ட உரிமைகளும் ஆட்சியின் தாராளத்தால் வந்தவை அல்ல. முதல் பிரகடனத்தைப் படித்த நியூ இங்கிலாந்துக்காரர், எவ்வளவு நிலம், என்ன வரி, எத்தகைய ஆட்சி, எந்த வழிபாட்டுச் சுதந்திரம் என்று முகவர் வழியாகக் கேள்விகள் அனுப்பினர். அவற்றுக்கான மறுமொழியே இரண்டாவது பிரகடனம். தம் ஊர்க்கூட்டங்களில் தாமே முடிவெடுத்துப் பழகிய மக்கள், அந்த உரிமைகள் இல்லாமல் வரமாட்டார்கள் என்பதால் அவை விலையாகக் கொடுக்கப்பட்டன. வந்த பின்னர் அந்த விலையும் முழுமையாகச் செலுத்தப்படவில்லை என்பதை, ஊர்க்காரியங்களைத் தாமே நடத்தும் உரிமை பறிக்கப்படுவதை எதிர்த்து, பிளாண்டர்கள் குடியேறிய லிவர்பூல் ஊரார் 1762இல் ஆட்சிக்குழுவுக்கு அனுப்பிய விண்ணப்பம் காட்டுகிறது.

சிறு உழவருக்கான சமத்துவ ஆவணம் என்ற புகழுரையும் ஓரிடத்தில் நின்று பார்த்தால் தளர்கிறது. தலைக்கு 50 ஏக்கர் என்ற கணக்கில், குடும்பத்தின் ஆண், பெண், குழந்தை ஒவ்வொருவரையும் வெள்ளையராயினும் கறுப்பராயினும் சேர்க்கலாம் என்கிறது இரண்டாவது பிரகடனம். முதற்பார்வைக்குப் பரந்த மனமாகத் தோன்றும் அந்த வரியின் பொருள் அச்சந்தருவது. அன்றைய நியூ இங்கிலாந்தில் வெள்ளையர் குடும்பங்களில் இருந்த கறுப்பருள் பெரும்பாலோர் அடிமைகள். அவர்கள் தலைக்கு வழங்கப்பட்ட நிலம் அவர்களுடையதாகாது, உடைமையாளரின் பெயரில் சேரும். ஒருவரை அடிமையாக வைத்திருப்பதே மற்றொருவரின் நிலம்கேட்கும் உரிமையைப் பெருக்கியது.

6. அகேடியருக்கு முன்பு அங்கே யாரும் இல்லையா? அந்நிலம் மிக்மாக் மக்களின் தாயகம். அவர்கள் அதை ‘மிக்மாக்கி’ என்பர். உத்ரெக்டில் பிரான்சு கையெழுத்திட்டது. மிக்மாக்கியர் அந்த அறையில் இல்லை. பிரித்தானியர் அவர்களுடன் 1752இலும், பிளாண்டர்கள் வந்திறங்கத் தொடங்கிய பிறகு 1760, 1761ஆம் ஆண்டுகளிலும் செய்துகொண்டவை அமைதி, நட்பு உடன்படிக்கைகளே. நிலத்தை விட்டுக்கொடுக்கும் வாசகம் எதுவும் அவற்றில் இல்லை. 1760–61ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் இன்றும் உயிருள்ளவை என்பதைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 1999இல் மார்ஷல் வழக்கில் மீன்பிடி உரிமை குறித்து உறுதிசெய்தது.

இரு பிரகடனங்களும் மிக்மாக்கியரை நிலத்துக்கு உரியவர் என்ற நிலையில் எங்கும் குறிப்பிடவில்லை. ஆனால் குடியேற வேண்டிய நிலங்களுக்கு அருகே கோட்டைகள் அமைக்கப்பட்டு அரசரின் படைகள் நிறுத்தப்பட்டுள்ளன என்று இரண்டாவது பிரகடனம் உறுதியளிக்கிறது. காலி நிலத்துக்குக் கோட்டை எதற்கு? 1756 மே மாதத்தில் இதே லாரன்ஸ், மிக்மாக் ஆண் ஒருவரின் தலைத்தோலுக்கு 25 பவுண்டு வெகுமதி அறிவித்த மற்றொரு பிரகடனத்தையும் வெளியிட்டிருந்தார். உழவரை வரவேற்றதும் தலைக்கு விலை வைத்ததும் ஒரே கையெழுத்து.

7. புதியவர்கள் தம் உழைப்பால் நிலத்தை ஈட்டிக்கொண்டனர் என்பது எவ்வளவு உண்மை? அவர்கள் கடுமையாக உழைத்தனர் என்பதை மறுப்பது அநீதி. பலர் வறியோர், ஏமாற்றப்பட்டோரும் உண்டு. ஆயினும் 1759 நவம்பரில் வீசிய புயல், பராமரிப்பாரற்றுக் கிடந்த கரைகளை உடைத்துக் கடல்நீரை வயலுக்குள் விட்டிருந்தது; அந்தக் கரைகளை எவ்வாறு கட்டுவது என்று பின்னர் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. மேட்டுநில உழவில் தேர்ந்தவர்களுக்குக் கடலைத் தடுக்கும் கலை புதியது. அறிந்தவர்கள் எட்வர்ட் கோட்டையிலும் பிற இடங்களிலும் கைதிகளாக இருந்தனர். 1760களில் அகேடியக் கைதிகளே கூலிக்கு அழைத்துவரப்பட்டு, தம் பாட்டன்மார் கட்டிய கரைகளை, தமக்கு இனி உரிமையில்லாத வயல்களுக்காகச் செப்பனிட்டனர். உழைப்பே உரிமைக்கு அடிப்படை என்ற கோட்பாட்டை எதிர்த்தரப்பு கையிலெடுக்குமானால், அந்தக் கோட்பாடு முதலில் அடையாளம் காட்டுவது அகேடியரைத்தான்.

தாமஸ் சாண்ட்லர் ஹாலிபர்ட்டன் 1829இல் வெளியிட்ட நொவா ஸ்கோஷியா வரலாற்றில் ஒரு செய்தியைப் பதிவுசெய்திருக்கிறார். 1760இல் வந்திறங்கிய பிளாண்டர்கள் கரையோரத்தில் அறுபது மாட்டு வண்டிகளையும் அதே அளவு நுகத்தடிகளையும் கண்டனர். அகேடியர் தம் தட்டுமுட்டுச் சாமான்களைக் கப்பலடிக்குக் கொண்டுவந்த வண்டிகள் அவை. காட்டோரங்களில் ஆடுமாடுகளின் எலும்புகள் குவிந்து கிடந்தன. உரியவர் போன பிறகு வந்த முதல் குளிர்காலத்தில் தீவனமின்றி மடிந்தவை. பிரகடனத்தின் ‘காலிசெய்த நிலம்’ இறங்கியவர்களின் கண்ணுக்கு எவ்வாறு காட்சியளித்தது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

8. அக்காலத்து அறத்தை இக்காலத்து அளவுகோலால் அளப்பதா? அளக்க வேண்டியதில்லை, அக்காலத்தவரே அளந்திருக்கின்றனர். ஆணையை நிறைவேற்றிய வின்ஸ்லோவே அது தம் இயல்புக்கு ஒவ்வாத பணி என்று அங்கே கூடியிருந்தவர்களிடம் சொன்னார். எட்மண்ட் பர்க் 1780இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் பேசியபோது, குற்றமற்ற மக்களை மனிதத்தன்மையின்றி, செல்லாக் காசுக்கும் பெறாத சாக்குகளைச் சொல்லி வேரோடு பிடுங்கியதாக இச்செயலைக் கண்டித்தார். வழக்குகளைத் தடுத்த 1759ஆம் ஆண்டுச் சட்டமும், அறமல்லாத ஒன்றைச் செய்திருக்கிறோம் என்ற அறிவின் வேறொரு வடிவமே.

9. அரிய தாள் என்பதால் அது நடுநிலையான தாளாகிவிடுமா? தனித்தாள் அச்சு என்பது பயன்படுத்தி எறிவதற்காக ஆக்கப்பட்டது. சுவரில் ஒட்டப்படும், கூட்டத்தில் படித்துக்காட்டப்படும், பிறகு கிழிந்துபோகும். எஞ்சிய சில படிகளின் விலை ஏறுவது இயல்பு. ஆனால் அருமை என்னும் தகுதி ஒரு தாளைத் தனியே பிரித்துக் கண்ணாடிக்குள் வைத்துவிடுகிறது. தனித்துப் பார்க்கையில் அது அழைப்பிதழாக மட்டுமே தோன்றும். இங்கே ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். நிலத்தைப் பறிமுதல் செய்த 1755ஆம் ஆண்டு ஆணை கிராண்ட் ப்ரே மக்களுக்கு வாய்மொழியாகவே அறிவிக்கப்பட்டது. அதன் வாசகம் இன்று நமக்குக் கிடைப்பது வின்ஸ்லோவின் கையெழுத்து நாட்குறிப்பு வழியாகத்தான். நிலத்தை வழங்கிய பிரகடனமோ அச்சேறிப் பல ஊர்களுக்குச் சென்றது. பறித்தது குரலிலும் கையெழுத்திலும் அடங்கியிருக்க, கொடுத்தது அச்செழுத்தில் பரவியதால், பின்வந்தோரின் நினைவில் கொடுத்தது மட்டும் பெரிதாக நின்றுவிட்டது.

விளைவுகளோ இன்னும் தொடர்கின்றன. 1764இல் அகேடியர் உறுதிமொழி எடுத்துச் சிறு சிறு குழுக்களாகச் சிதறிக் குடியேறலாம் என்று அனுமதி கிடைத்தபோது, அவர்களுடைய பழைய வயல்கள் பிறர் பெயரில் பட்டாவாகியிருந்தன. பலர் செயின்ட் மேரிஸ் விரிகுடாவின் கல்லாங்கரைக்குச் சென்று உழவை விட்டு மீன்பிடிப்புக்கு மாறினர். 2003 டிசம்பரில் கனடா அரசியின் பெயரால் வேறொரு பிரகடனம் வெளியிடப்பட்டு, நாடுகடத்தலின் துயரங்கள் ஏற்கப்பட்டு, ஜூலை 28 நினைவு நாளாக அறிவிக்கப்பட்டது. சட்டப் பொறுப்பையோ பொருட்பொறுப்பையோ ஏற்பதாக இதற்குப் பொருள் கொள்ளலாகாது என்று அந்தப் பிரகடனத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. கிராண்ட் ப்ரேயின் கரைகாத்த வயல்களும் நினைவிடங்களும் 2012இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அந்த வயல்களைக் கடலிலிருந்து காப்பவை இன்றும் கரைகளும் மதகுகளுமே.

ஆகவே லாரன்ஸின் பிரகடனத்தைக் காட்சிக்கு வைக்கும் எந்த நூலகமும், அதன் பக்கத்தில் வின்ஸ்லோவின் நாட்குறிப்பில் உள்ள பறிமுதல் ஆணையையும், வழக்குகளைத் தடுத்த 1759ஆம் ஆண்டுச் சட்டத்தையும், 1760–61ஆம் ஆண்டு மிக்மாக் உடன்படிக்கையின் ஒரு படியையும் சேர்த்து வைப்பதே முறை. விளக்கக் குறிப்பில் ‘காலி நிலம்’ என்ற சொல்லை நீக்கிவிட்டு, நூறாண்டுக்கும் மேலாகப் பயிரிடப்பட்டது, எருவிடத் தேவையில்லாதது என்று அந்தத் தாளே தரும் வருணனையையும், அந்த மண்ணை அவ்வாறு ஆக்கியவர்களின் பெயரையும் எழுதினால் போதும்.